ஒன்பது நாள் பாஸ்தா

2024 ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். வியட்நாமில் குயி ஞோன் என்ற கடற்கரை நகரத்துக்காரி. பதினைந்து வயது, இரண்டு பெட்டி. கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் பத்தாம் வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டு முடித்து, இங்கேயே பல்கலைக்கழகம் போவதாகத் திட்டம். அதுவரை எங்கள் மூத்தவன் விட்டுப்போன மாடி அறையில் இருப்பாள். அவளுக்கு நான் முதல் ஒன்பது நாளும் பாஸ்தா அவித்துக் கொடுத்தேன்.

காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு எங்களிடம் வந்த பையன் இரண்டே வாரத்தில் வேறு வீட்டுக்கு மாற்றப்பட்டான். கடிதத்தில் உணவு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார்கள். மாணவர்களை வீடுகளில் சேர்த்துவிடும் நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னது வேறு. பெற்றோர் 'கனடியக் குடும்பம்' கேட்டிருந்தார்களாம். நாங்கள் 1991இலிருந்து இந்த நாட்டில் வரி கட்டுகிறோம். பனி வழிக்கிறோம். இரண்டு பிள்ளைகளை ஹொக்கி விளையாட்டுக்கு விடிகாலையில் ஏற்றி இறக்கியிருக்கிறோம். இதற்கு மேல் எப்படிக் கனடியராவது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பிள்ளை வந்தபோது பாஸ்தா, சூப், பெட்டியில் அடைத்த தானியம் என்று கடையில் வாங்கி நிரப்பினேன். கறிச்சட்டியைக் கீழ்த்தட்டில் ஒளித்தேன்.

அவள் ஒன்பது நாளும் "நன்றாக இருக்கிறது" என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அவள் மாடி ஏறிய பிறகு நானும் கணவரும் கள்ளரைப் போல ஒரு சிறு விளக்கைப் போட்டுக்கொண்டு புட்டும் சம்பலும் தின்றோம். பத்தாம் நாள் இரவு கணவருக்கு இடியப்பம் அவித்து வைத்திருந்தேன். தண்ணீர் எடுக்க இறங்கி வந்தவள் இடியப்பத் தட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"பான் ஹோய்" என்றாள்.

அவள் ஊரில் காலையில் விற்கும் அரிசிமாப் பலகாரமாம். நூல் நூலாகப் பின்னிய வட்டம். வெங்காயத்தாள் போன்ற கீரை வெட்டிப் போட்ட எண்ணெய் தடவித் தருவார்களாம். கைத்தொலைபேசியில் படம் காட்டினாள். எங்கள் இடியப்பத்தைத் தட்டி ஒரு வாழையிலையில் வைத்தது போல இருந்தது. அன்றிரவு பதினொரு இடியப்பம் சாப்பிட்டாள். எண்ணினேன், கணக்குப் பார்க்க அல்ல. கறிச்சட்டி மறுநாள் மேல்தட்டுக்கு வந்தது.

கணக்கு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாம் சுற்றிவளைத்து அதைத்தான் கேட்கிறார்கள். மாதம் 1,150 டொலர் தருகிறார்கள். கணவரின் வேலைநேரம் குறைந்தபோது அதற்காகத்தான் விண்ணப்பித்தோம். சேவை மனப்பான்மை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று வேளை சாப்பாடு, சன்னல் உள்ள அறை, கட்டில், படிக்கும் மேசை, இணையம் எல்லாம் நம் பொறுப்பு. வீட்டில் பதினெட்டு வயது தாண்டிய எல்லோருக்கும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். நிறுவனத்துப் பெண் வந்து ஒவ்வொரு அறையாகப் புகை எச்சரிக்கைக் கருவிகளை எண்ணிக்கொண்டு போனார். பிள்ளையின் பெற்றோருக்குப் பள்ளிக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் டொலருக்கு மேல். இங்கே பிறந்த பிள்ளைகள் அதே வகுப்பில் அதே கதிரையில் இலவசமாக இருக்கிறார்கள்.

இவை போக, பாதுகாவலர் என்று ஒருவர் உண்டு. பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோரின்றிக் கனடாவில் படிக்க வந்தால், இங்குள்ள ஒருவர் பொறுப்பேற்று நொத்தாரிசு முன் கையொப்பமிட வேண்டும். அங்கே பெற்றோரும் ஒரு நொத்தாரிசு முன் கையொப்பமிட வேண்டும். அந்த ஒருவர் நாங்கள் அல்லர். கட்டணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்பவர் வேறு யாரோ. அவருடைய எண் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழ் இருக்கிறது. முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

வந்த மூன்றாம் நாள் அவள் என் வயதைக் கேட்டாள். கொஞ்சம் துணுக்குற்றேன். பிறகுதான் புரிந்தது. அவர்கள் மொழியில் பெரியவர்களிடம் பேசும்போது 'நான்', 'நீங்கள்' என்று பொதுவாக வைத்துக்கொண்டு போக முடியாதாம். எதிரில் இருப்பவர் தாயைவிட மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால்தான் வாய் திறக்கலாம். மூத்தவர் என்றால் 'பாக்'. தன்னைக் 'கொன்', அதாவது பிள்ளை, என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் என்னைப் பார்த்து 'யூ' என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியிருக்கிறது. மூன்று நாளாக என்னைக் கூப்பிடாமலே ஓட்டியிருக்கிறாள். பக்கத்தில் வந்து நிற்பாள், நானாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு ஐம்பத்தேழு, அவள் தாய்க்கு நாற்பத்தாறு. ஆகவே நான் பாக். நம் கணக்கில் பெரியம்மா. ஆனால் சின்ன மகனின் நண்பர்கள் எல்லோரும் அன்ரி அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டு, இரண்டு வாரத்தில் அவளும் அன்ரிக்கு மாறிவிட்டாள். அவளைப் பெயர் சொல்லி இங்கே எழுத மாட்டேன். வீட்டில் அவளை 'ஊத்' என்று கூப்பிடுவார்களாம். கடைக்குட்டி என்று பொருள். நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம்.

இடியப்பம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை.

ஊத் நடந்தால் படி சத்தமிடாது. அந்தப் படியில் என் இரு மகன்களும் இருபது வருடம் இடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மூன்றாம் படி கிரீச்சிடும். எந்த இடத்தில் கால் வைத்தால் கிரீச்சிடாது என்று அவள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். குளிக்க நான்கு நிமிடம். குளிர்சாதனப் பெட்டியைத் தானாகத் திறந்ததே இல்லை. பசித்தால் எடுத்துச் சாப்பிடு என்று சொன்னால் தலையாட்டுவாள். மறுநாள் தயிர் அப்படியே இருக்கும். எதைக் கேட்டாலும் "ஓகே, அன்ரி". அக்டோபரில் ஒருநாள் துவைத்த துணியை வைக்க அவள் அறைக்குள் போனேன். ஐஸ் பெட்டிக்குள் போனது போல இருந்தது. மூத்தவன் எப்போதோ மூடிவிட்டுப் போன சூட்டுத் துவாரம் மூடியே கிடந்தது. பிள்ளை மூன்று வாரமாகக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். கனடா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1982 தை மாதம் என்னை நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். கொக்குவிலில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை வீடு. குமுதினிப் படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ், பண்ணைப் பாலம், பிறகு ஊர். அந்தப் படகைப் பற்றி எழுதத் தொடங்கினால், அதில் போன பயணிகள் கொல்லப்பட்ட 1985 மே 15இல் போய் நிற்க வேண்டிவரும், இன்று வேண்டாம். தீவுப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் படித்தோம். கடல் ஒன்றுதான் தாண்டினோம், அதுவும் ஒரு மணி நேரக் கடல். மாமி நல்லவர். ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் நான் இரண்டாம் முறை சோறு கேட்டதில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது மூன்று நாள் நீளக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தேன். வாத்தியார் கண்டுபிடித்து மாமியைக் கூப்பிட்டார். மாமி அழுதார். "ஏன் பிள்ளை சொல்லவில்லை?" என்று எத்தனை முறை கேட்டார்! எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரிலிருந்து அம்மா படகில் கொடுத்துவிடும் ஒடியலையும் கருவாட்டையும் மாமி கையில் கொடுக்கும்போது, என்னை வைத்திருப்பதற்கு இதுதான் வாடகை என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் மணிக்கட்டுக்கு இடமில்லை.

கருவாடு என்றதும் நினைவு வருகிறது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை முறைப்பாடு செய்தவர் என்பதால், குளிரில் நடுங்கிக்கொண்டு வைக்கும் குழம்பு அது. ஊத் கீழே வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். திரும்பி மேலே ஓடினாள், படி கிரீச்சிட. ஏதோ வயிற்றைப் பிரட்டிவிட்டது என்று பயந்துபோனேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பொட்டலத்துடன் வந்தாள். உலர்ந்த கணவாய்! பிளாஸ்டிக் பையில் நான்கு சுற்று, அதன் மேல் ஒரு துவாய், அதன் மேல் இன்னொரு பை. அவள் தாய் எங்களுக்கென்று கொடுத்துவிட்டது. புறப்படுமுன் நடந்த வகுப்பில் மணமான உணவுப் பொருட்களை வெளியே எடுக்காதீர்கள், வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டரை மாதம் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, தாய் தொலைபேசியில் "கொடுத்தாயா, பிடித்ததா?" என்று கேட்கும்போதெல்லாம் பிடித்தது என்று பொய் சொல்லியிருக்கிறாள். அடுப்பு நெருப்பில் வாட்டி, கிழித்து, மிளகாய்ச் சாறில் தோய்த்துத் தின்றோம். கணவர் அன்று போல அவளுடன் பேசியதை நான் பார்த்ததில்லை. வலை, தூண்டில், எந்த மாதத்தில் எந்த மீன் என்று இரண்டு பேரும் கையால் பேசினார்கள்.

செப்டெம்பரில் அவளை ஸ்காபரோ மலைமுகட்டுக்கு அழைத்துப்போனபோது அவள் சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்ராறியோ ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் நீலமாகக் கிடந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "மணம் இல்லை" என்றாள். முப்பது வருடமாக எனக்கு அந்த ஏரியில் என்ன குறை என்று சொல்லத் தெரிந்ததில்லை.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அவள் கெட்டிக்காரி. கணிதத்தில் இங்கே சொல்லிக் கொடுப்பதை அவள் அங்கே முன்பே படித்துவிட்டாள். ஆங்கிலம்தான் படிப்படியாக ஏற வேண்டும். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு முப்பது பாட அலகுகள், எழுத்தறிவுத் தேர்வு, நாற்பது மணி நேரச் சமூகத் தொண்டு எல்லாம் வேண்டும். அந்த நாற்பது மணியைக் கோயில் மடப்பள்ளியில் காய்கறி வெட்டிக் கழிக்கிறாள். முதல் நாள் நந்தியைப் பார்த்துவிட்டு, தன் ஊரில் செங்கல்லால் கட்டிய இரட்டைக் கோபுரம் இருக்கிறது என்றாள். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா அரசர்கள் காலத்து இந்துக் கோயில். சிறுவயதில் அங்கே ஒளித்துப் பிடித்து விளையாடியிருக்கிறாள். ஐயரிடம் சொன்னேன். அவருக்கு நேரமில்லை. பள்ளியில் அவளுக்குக் கிடைத்த முதல் தோழியும் ஒரு தமிழ்ப் பிள்ளை. மதியப் பெட்டியில் என் புட்டைப் பார்த்துவிட்டு, "இது உனக்கு எப்படி?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். கனடியக் குடும்பம் கேட்ட அந்தப் பழைய பெற்றோரை அப்போது நினைத்துக்கொண்டேன். சின்னப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

அவர்களுடைய புத்தாண்டு, தெத், 2025 ஜனவரி 29இல் வந்தது. பள்ளியில் முதல் பருவத் தேர்வுக் காலம். வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, அவள் இங்கே வரலாற்றுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்ததை நான் வீட்டு நினைவு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து இரவு பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொதித்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்துகொண்டு பாதுகாவலரின் எண்ணுக்கு நான்கு முறை அடித்தேன். மணி போனது, அவ்வளவுதான். ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதி இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை; தனியார் காப்புறுதி அட்டையைக் காட்டினோம். சம்மதம் என்ற பேச்சு வந்ததும் நான் பேனாவை எடுத்தேன். தாதி என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைப் பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கி, சரியா என்று கேட்டார். இந்த மாகாணத்தில் சிகிச்சைக்குச் சம்மதம் தர வயது வரம்பு கிடையாது. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருந்தால் போதும். அன்றுதான் அறிந்தேன். அவளுக்கும் அது புதிது. யாரோ தன்னிடம் கேட்கிறார்கள் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பூச்சியத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டார்கள். "இரண்டு" என்றாள்.

வைத்தியர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். செவிப்பறை பழுத்து வீங்கிக் கிடந்தது. எத்தனை நாளாக வலி என்று கேட்டார். அவள் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு "ஐந்து" என்றாள். ஐந்து நாளும் என் முன்னால் சாப்பிட்டாள், தேர்வுக்குப் போனாள், ஓகே அன்ரி என்றாள். மாமி அழுதது எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

திரும்பி வரும்போது விடியற்காலை இரண்டு மணி. வண்டியை ஓட்டிக்கொண்டே மணிக்கட்டுக் கதையைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அது கொக்குவிலும் கிணறும் இல்லாமல் வெறும் எலும்பாக வந்தது. இருந்தாலும் முழுதாகச் சொன்னேன். பின்னிருக்கையிலிருந்து பதில் வரவில்லை. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பினால், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் எங்களிடம் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. பழையது, முள் வைத்தது. சென்ற நவம்பர் 3ஆம் திகதி குளிர்கால நேரத்துக்கு அதை ஒரு மணி பின்னே தள்ளினேன். அடுத்த நாள் காலை ஊத் கோப்பையை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடையில் அவள் ஊருக்கும் ரொறன்ரோவுக்கும் பதினொரு மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் சரியாகப் பன்னிரண்டு. இங்கே காலை ஏழு என்றால் அங்கே இரவு ஏழு. எங்கள் சுவரில் முட்கள் எப்படி நிற்கின்றனவோ, அவள் தாயின் சமையலறையிலும் அப்படியே நிற்கும். அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. தாயுடன் காணொளியில் பேசும்போது, தொலைபேசியைத் திருப்பி எங்கள் கடிகாரத்தைக் காட்டினாள். அந்தப் பக்கம் தாயும் எழுந்து போய்த் தன் கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. மறுபடி ஒரு மணி முன்னே தள்ளுவதற்குக் கதிரையில் ஏறினேன். பின்னால் அவள் வந்து நின்றது தெரிந்தது. நானாகத் திரும்பிப் பார்க்கட்டும் என்று வழக்கம்போல நிற்கிறாள் என்று நினைத்து, நான் திரும்பவில்லை.

"அன்ரி."

"என்ன பிள்ளை?"

"இதை மட்டும் மாற்றாமல் விடுவீர்களா?"

கதிரையிலிருந்து இறங்கினேன்.

இப்போது மே மாதம். வீட்டில் மற்றக் கடிகாரங்கள் எல்லாம் சரி. சமையலறை மட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. ஸ்காபரோ ரயில் 2023இல் தடம் புரண்டு மூடப்பட்டதிலிருந்து கணவருக்குப் பஸ்தான் கதி. தேநீர் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்து, இரண்டு முறை மார்க்கம் வீதிப் பஸ்ஸைத் தவறவிட்டார். இந்த வீட்டில் யாருக்காக நேரம் ஓடுகிறது என்று கத்தினார். மாடியில் ஊத்தின் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. இப்போது அவர் அடுப்பில் தெரியும் இலக்கத்தைப் பார்த்துப் போகப் பழகிக்கொண்டார்.